இரண்டு வரியோடு நின்றுவிடும் பிள்ளை

கேள்வி இதுதான்: மகளுக்கு ஏழு வயது. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். இரண்டிலும் வாய் ஓயாமல் பேசுகிறாள். எழுதச் சொன்னால் மட்டும் இரண்டு வரி, அதுவும் அழிப்பானும் கையுமாக அரை மணி நேரம். வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசிப் பாருங்களேன் என்று வகுப்பாசிரியை சொல்லியிருக்கிறார். அப்படிச் செய்யலாமா? வேறு என்ன செய்யலாம்?

முதல் பாதிக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். தமிழை நிறுத்தாதீர்கள். ஆசிரியை நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். நானும் வகுப்பெடுக்கத் தொடங்கிய புதிதில் இரண்டு மூன்று பெற்றோரிடம் இதையே சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஏன் வேண்டாம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் மற்ற பாதி புரியும்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். இவனுக்கும் ஏழு, ஏழரை வயது இருக்கும். திங்கட்கிழமை காலையில் 'விடுமுறையில் நான் செய்தது' என்று எழுதச் சொல்வது அப்போது என் வழக்கம். (சோம்பேறித்தனமான தலைப்பு, ஒப்புக்கொள்கிறேன்.) அவன் ஆங்கிலத்தில் எழுதியது இரண்டே வாக்கியம். பூங்காவுக்குப் போனேன். நன்றாக இருந்தது. எழுத்துப்பிழை ஒன்றுகூடக் கிடையாது. வழக்கமாக நான் 'இன்னும் கொஞ்சம் எழுது' என்பேன், அவன் 'மிகவும்' என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டு நோட்டை நீட்டுவான். அன்றைக்கு என்னவோ தோன்றி, பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் கேட்டேன்: "பூங்காவுல என்னடா ஆச்சு?"

கொட்டினான். "ஒரு நாய் சார், வாத்தைத் துரத்திக்கிட்டே போய்க் குளத்துக்குள்ள விழுந்துருச்சு. ஏறப் பாக்குது, முடியல, வழுக்குது. அந்த நாயோட ஆளு தரையில படுத்து, கழுத்துப்பட்டையப் பிடிச்சு இழுத்தாரு. மேல வந்து ஒரு உதறு உதறுச்சு பாருங்க, எங்க அக்கா மேலெல்லாம் தண்ணி. அந்த வாத்து ஒண்ணுமே நடக்காத மாதிரி போயிக்கிட்டே இருந்துச்சு சார்."

கதையின் கடைசியில் வாத்தைக் கொண்டுவந்து நிறுத்தத் தெரிந்த பையன், காகிதத்தில் 'நன்றாக இருந்தது' என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தான். வழுக்குவது, கழுத்துப்பட்டை, உதறுவது, இந்த மூன்றுக்கும் அவனுக்கு ஆங்கிலச் சொல் தெரியாது. தெரியாததை எழுதித் தப்பாகிவிட்டால் என்ன செய்வது என்று, தெரிந்த சொற்களுக்குள் அடங்கும் அளவுக்குக் கதையையே சுருக்கிக்கொண்டான். பிழை இல்லாமல் இருந்ததற்குக் காரணமே அந்தப் பயம்தான்.

இருமொழிப் பிள்ளைகள் எழுதத் தயங்குவதில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் அனுபவம். சொல்ல வேண்டிய விஷயம் ஒரு மொழியில் கிடக்கிறது, எழுதும் வேலை இன்னொரு மொழியில் வந்து நிற்கிறது, நடுவில் கைபிடித்துக் கூட்டிப்போக ஆளில்லை. இருமொழி பேசுபவரை ஒரே உடம்புக்குள் இருக்கும் இரண்டு ஒருமொழியாளர்களாகப் பார்க்காதீர்கள் என்று பிரான்சுவா குரோஜான் என்ற மொழியியலாளர் 1989இல் எழுதினார். ஒவ்வொரு மொழியும் வாழ்க்கையின் ஒவ்வொரு மூலைக்குப் பயன்படுகிறது. உங்கள் மகளுக்குக் காந்தம், கழித்தல், முக்கோணம் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். கோபம், அண்ணன் தங்கை சண்டை, தடுக்கி விழுந்தது, தாத்தாவின் குறட்டை எல்லாம் தமிழில் இருக்கும். ஒரு மொழியின் சொற்களை மட்டும் எண்ணினால், அந்த ஒரு மொழியையே பேசும் பிள்ளையைவிடக் குறைவாகத்தான் தெரியும். இரண்டையும் சேர்த்து எண்ணினால் அந்தக் குறைவு காணாமல் போகிறது. ஸ்பானிய மொழியும் ஆங்கிலமும் கேட்டு வளரும் சிறு குழந்தைகளிடம் பார்பரா பியர்சன் குழுவினர் 1993இல் கண்டதும் இதுதான்.

அப்புறம், பேச்சு சரளமாகிவிட்டால் எழுத்தும் தானாக வந்துவிடும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். கனடாவைச் சேர்ந்த ஜிம் கம்மின்ஸ் 1979இல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். விளையாட்டுத் திடலில் பேசும் மொழி சுமார் இரண்டு ஆண்டுகளில் பிடிபட்டுவிடும். பாடப்புத்தகத்தின் மொழியில் சக வயதுப் பிள்ளைகளை எட்டிப் பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். திடலில் கை நீட்டிக் காட்டலாம், முகத்தைச் சுளிக்கலாம், 'அது இருக்குல்ல, அதான்' என்றால் எதிரே நிற்பவனுக்குப் புரிந்துவிடும். எழுதினதைப் படிப்பவருக்கு அந்த வசதி கிடையாது. இவ்வளவு பேசுகிறாளே, எழுத மட்டும் ஏன் சோம்பல் என்று வீட்டில் யாராவது கேட்டால், இதைச் சொல்லுங்கள்.

அதே கம்மின்ஸ் வரைந்து காட்டிய பனிப்பாறைப் படம் ஒன்று உண்டு. நீருக்கு மேலே இரண்டு முனைகள், கீழே ஒரே பாறை. கதைக்கு ஒரு தொடக்கம் வேண்டும், கேட்பவருக்குத் தெரியாததை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏன் அப்படி நடந்தது என்று காரணம் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் ஒரு பிள்ளை இரண்டு முறை கற்கத் தேவையில்லை. தமிழில் கற்றாலும் அது ஆங்கிலத்துக்கு உதவும். வீட்டில் ஆங்கிலத்துக்கு மாறிய குடும்பங்களில் நான் பார்த்தது என்னவென்றால், பெற்றோருக்குத் தமிழில் வருகிற நீளமும் கிண்டலும் ஆங்கிலத்தில் வருவதில்லை. பேச்சு சுருங்கிவிடுகிறது. குளிச்சாச்சா, முடிச்சாச்சா, படு. மொழி போனதோடு கதையும் சேர்ந்து போகிறது. உங்களுக்கு ஆங்கிலம் தமிழைப் போலவே வரும் என்றால் இழப்பு குறைவு. அப்போதும் தமிழை விடுவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

சரி, அந்தப் பையனிடம் திரும்புவோம். நான் ஒன்றும் பெரிய வித்தை செய்யவில்லை. "இந்த வாத்துக் கதையையே எழுதேன்" என்றேன். முகம் சுருங்கியது. எந்தச் சொல் தெரியவில்லை என்று கேட்டேன். மேலே சொன்ன மூன்றையும் சொன்னான். மூன்றுக்கும் ஆங்கிலச் சொல்லைத் துண்டுக் காகிதத்தில் எழுதி மேசை ஓரத்தில் ஒட்டினேன். பிறகு, பக்கத்தில் இருந்த தோழனிடம் கதையை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன். முதல் தடவை தடுமாறினான். தோழன் நடுவில் புகுந்து "எப்படிப்பட்ட நாய்?" என்று கேட்டது நல்லதாகப் போயிற்று. பழுப்பு நாய், காது தொங்கும் என்று கதைக்குள் இன்னும் இரண்டு விஷயம் வந்து சேர்ந்தது. இரண்டாம் தடவை சொல்லும்போது கதை நிமிர்ந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் பென்சில். ஏழு வாக்கியம் எழுதினான். கடைசி வாக்கியம் வாத்துக்கு. எழுத்துப்பிழை பதினொன்று. முந்தைய தாளில் பிழையே இல்லை, இதில் பதினொன்று. இதை முன்னேற்றம் என்று பார்க்கப் பழகுவதுதான் பெரியவர்களுக்குக் கஷ்டம். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, சிவப்புப் பேனா கையிலேயே இருந்ததால்.

ஆக, எழுதுவதற்கு முன் பேச்சு, அதுவும் இரண்டு தடவை. தமிழில் பேசும்போது விஷயம் கிடைக்கும், ஆங்கிலத்தில் பேசும்போது வாக்கியம் கிடைக்கும். வீட்டுப்பாடத்துக்கு அரை மணி நேரம் என்றால் பாதியைப் பேச்சுக்கே கொடுங்கள். நேரம் வீணாகிறதே என்று கை பரபரக்கும். சில வாரம் பொறுங்கள். கேள்வியைக் கேட்கும் விதமும் முக்கியம். 'எப்படி இருந்துச்சு?' என்றால் 'நல்லா இருந்துச்சு' என்பதைத் தவிர வேறு என்ன சொல்வாள்? 'முதல்ல யாரு பார்த்தா?', 'என்ன சத்தம் கேட்டுச்சு?', 'அப்ப நீ எங்க நின்னே?' என்று கேட்டால் காட்சி வரும். உங்களுக்கு உண்மையிலேயே தெரியாததைக் கேளுங்கள். நீங்களும் கூடவே இருந்த நிகழ்ச்சியைப் பற்றிக் கேட்டால், 'அதான் உங்களுக்கே தெரியுமே' என்று நிறுத்திவிடுவாள். அவள் சொல்வதும் நியாயம்தானே.

ஒரு மொழியில் உள்வாங்கி இன்னொரு மொழியில் வெளியே கொண்டுவருவது குறுக்குவழி என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள். வேல்ஸில் கென் வில்லியம்ஸ் 1994இல் இதையே ஒரு கற்பித்தல் முறையாக விவரித்தார்: ஆங்கிலத்தில் படி, அதைப் பற்றி வெல்ஷ் மொழியில் எழுது. ஒரு மொழியில் படித்ததை அப்படியே பார்த்து எழுதிவிடலாம். மொழி மாறும்போது அது நடக்காது, புரிந்தால்தான் எழுத முடியும். குறிப்பைத் தமிழில் எடுத்து, கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளை செய்வதும் இந்த வேலைதான். நடுவில் ஒரு ஆங்கிலச் சொல் கிடைக்காவிட்டால் அங்கே தமிழ்ச் சொல்லையே எழுதிவிட்டு மேலே போகட்டும். தமிழ் எழுத்து வராவிட்டால் ஒரு கோடு போட்டு மேலே ஒரு சின்னப் படம். சொல் தேடி நின்றால் வாக்கியம் கலைந்துவிடும்; சொல்லை அப்புறம் தேடிக்கொள்ளலாம்.

பேசியாயிற்று, சொற்களும் மேசையில் ஒட்டியிருக்கின்றன, இருந்தும் நடு வாக்கியத்தில் நின்றுவிடுகிறாள் என்றால், அவள் கையைக் கவனியுங்கள். எழுத்தின் வடிவம் எது, எந்தப் பக்கம் வளைக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு அடுத்த சொல்லை நினைவில் பிடித்துவைக்க இடமில்லை. கையெழுத்தை முறையாகச் சொல்லிக்கொடுத்தால் எழுத்து அழகாவதோடு, எழுதும் நீளமும் தரமும் கூடுகின்றன என்பதை ஸ்டீவ் கிரஹாம் உள்ளிட்டோர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2016இல் வெளியிட்டார்கள். இதற்கு நோட்டு நோட்டாக எழுதிக் குவிக்க வேண்டாம். தினமும் ஐந்து நிமிடம், ஒரே இழுப்பில் வருகிற எழுத்துகளைச் சேர்த்துவைத்துப் பழகினால் போதும். இரண்டு மொழிகளிலும் எழுதக் கற்கும் பிள்ளைக்கு வேலை இரட்டிப்பு என்பதையும் மறக்க வேண்டாம். ஆங்கிலத்தில் எழுத்து 26 என்றாலும் பெரியதும் சிறியதுமாக 52 வடிவங்கள். தமிழில் 247, அதில் 216 உயிர்மெய். நல்லவேளை, உயிர்மெய்க்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது, ஒன்று பிடிபட்டால் வரிசையே வரும். (ணு, னு, று, நூ வரிசை ஒழுங்கைக் கெடுக்கும் என்பது வேறு விஷயம்.)

என்னிடம் பலித்த பழக்கம் ஒன்று: வாக்கியத்தை முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், விரலை மடக்கிச் சொற்களை எண்ண வேண்டும், எழுத வேண்டும், எழுதியதைப் படித்து விரல் கணக்கோடு ஒப்பிட வேண்டும். விட்டுப்போன சொல்லைப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும். நீங்கள் சுட்டிக்காட்டுவதும் அவளே கண்டுபிடிப்பதும் ஒன்றாகாது.

சில நாள் கை ஓயும்போது நீங்களே எழுத்தர் ஆகிவிடுங்கள். அவள் சொல்லச் சொல்ல, ஒரு சொல்லையும் மாற்றாமல் எழுதுங்கள். நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குப் பாடம் எடுத்த சில்வியா ஆஷ்டன் வார்னர், ஒவ்வொரு குழந்தையிடமும் 'உனக்கு இன்றைக்கு என்ன சொல் வேண்டும்?' என்று கேட்டு, அதை ஓர் அட்டையில் எழுதிக் கையில் கொடுப்பாராம். குழந்தைகளுக்குச் சட்டென்று பதிந்த சொற்களில் பேயும் முத்தமும் முன்னால் நின்றன. பாடப்புத்தகத்தில் எந்தக் குழுவும் அவற்றை முதல் பாடமாக வைக்காது.

எழுத்துப்பிழைக்கு வருகிறேன். பெரும்பாலான பிழைகளுக்குள் ஒரு யோசனை இருக்கும். பள்ளிக்கே போகாத குழந்தைகள் தாங்களாகக் கண்டுபிடித்து எழுதும் ஆங்கில எழுத்துக்கூட்டலை சார்லஸ் ரீட் 1971இல் ஆராய்ந்தார். 'டிரக்' என்ற சொல்லை டி-ஆர் என்று தொடங்காமல் சி-எச்-ஆர் என்று சிலர் தொடங்கினார்கள். வாயில் சொல்லிப் பாருங்கள். காது கேட்டது சரிதான். தமிழ் பேசும் பிள்ளைக்கு இதற்கு மேலும் ஒன்று சேரும். 'பம்பரம்' என்று சொல்லுங்கள். முதல் 'ப' ஒரு விதமாக ஒலிக்கிறது, இரண்டாவது வேறு விதமாக. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. ஆங்கிலத்தில் அவை இரண்டு தனி எழுத்துகள், மாற்றிப் போட்டால் வேறு சொல். அந்தப் பிள்ளை 'பி'க்களை மாற்றிப் போடுவது கவனக்குறைவால் இருக்காது. ஆங்கிலப் பெயர்ச்சொற்களுக்கு முன்னால் வரும் 'ஏ', 'தி' விட்டுப்போவதும் இப்படித்தான். தமிழில் அவற்றுக்கு இணையாக எதுவும் இல்லை, அல்லது 'ஒரு', 'அந்த' என்று எப்போதாவது வரும். துருக்கி மொழி பேசும் பிள்ளை 'அவன்', 'அவள்' குழப்பும், அந்த மொழியில் அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே சொல் என்பதால். அரபி எழுதப் பழகிய பிள்ளை ஆங்கிலச் சொல்லில் உயிரெழுத்துகளை விழுங்கும், அரபியில் குறில்களைப் பொதுவாக எழுதுவதில்லை என்பதால். எந்த மொழி எங்கே இழுக்கிறது என்று பார்த்தால் திட்டத் தோன்றாது, சொல்லிக்கொடுக்க வழி தெரியும்.

தமிழில் எழுதும்போது கதை வேறு. 'மழை பெய்தது' என்பது 'மலை பெய்துச்சு' என்று வரும். இதில் இரண்டு தனித்தனி விஷயங்கள். ல, ள, ழ குழப்பம் காதுக்கும் நாக்குக்கும் உரியது. வீட்டில் பெரியவர்களே மூன்றையும் பிரித்துச் சொல்லாவிட்டால் பிள்ளைக்கு எங்கிருந்து தெரியும்? பார்த்துப் பழகித்தான் வரும். 'பெய்துச்சு' அப்படியல்ல. அவள் பேசும் தமிழை அப்படியே எழுதியிருக்கிறாள். நம் பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இருக்கும் தூரத்தை நாம் உணர்வதே இல்லை, பழகிவிட்டோம். ஏழு வயதுக்கு அது கிட்டத்தட்ட மூன்றாவது மொழி. தொடக்கத்தில் பேச்சுத் தமிழிலேயே எழுத விடுங்கள் என்பது என் கட்சி. இதை ஏற்காத தமிழாசிரியர்கள் உண்டு, அவர்கள் பக்கமும் காரணம் இருக்கிறது. ஆனால் முதல் வரியிலேயே 'துச்சு இல்லை, தது' என்று திருத்தப்பட்ட பிள்ளை, தான் பேசுவது தமிழே இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். எழுத்துத் தமிழ், வாசித்துக் காட்டும் கதைகளின் வழியாகக் காதில் ஏறட்டும். கொஞ்ச நாளில் அவளே 'வந்தது, போனது' என்று கதைக்குரலில் சொல்ல ஆரம்பிப்பாள். அது காதில் விழுந்த பிறகு, எழுத்தில் திருத்தினால் உறுத்தாது.

திருத்துவதைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள், திருத்தவே கூடாதா என்று. திருத்தலாம், வரிசை மாற வேண்டும். நோட்டை நீட்டியதும் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் சொல் கதையைப் பற்றியதாக இருக்கட்டும். 'ஐயோ, அக்கா மேலயா தண்ணி?' என்பது போல. எழுதினதை ஒருவர் படித்தார், படித்துச் சிரித்தார் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். பிறகு ஒரு கேள்வி, படிப்பவருக்குப் புரியாத இடத்தில்: 'யாரு இழுத்தாங்க? இதுல இல்லையே.' பிழைகளை அதற்கும் பிறகு பார்க்கலாம், அதுவும் ஒரு தடவைக்கு ஒரே வகை. இந்த வாரம் வாக்கியத் தொடக்கத்தில் பெரிய எழுத்து. தமிழில் அப்படி ஒன்று கிடையாது என்பதால் மறந்துகொண்டே இருப்பாள். அது பழகிய பிறகு அடுத்தது. பதினொரு பிழையையும் சுழித்துக் கொடுத்தால், அடுத்த வாரம் மறுபடி பூங்கா நன்றாக இருக்கும்.

அழிப்பான்! அதை எடுத்து உள்ளே வையுங்கள். தப்பான சொல்லின் மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் புதுச் சொல். முதல் வாரம் அழுவாள். அவள் எதிரில் நீங்கள் எதையாவது எழுதி, அடித்து, மறுபடி எழுதுங்கள். யோசித்தபடியே வாய்விட்டுச் சொல்லுங்கள்: 'ம்ம், இது சரியா வரல, மாத்திக்கறேன்.' பெரியவர்கள் எழுதும்போது அடிப்பதை நிறையப் பிள்ளைகள் பார்த்ததே இல்லை. அச்சடித்த பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள், அப்படியே வந்து விழுந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இதுவரை சொன்னது கதைக்கும் அனுபவத்துக்கும். வகுப்பு ஏற ஏற அறிவியல், சமூகம் எல்லாம் எழுத வேண்டிவரும், அங்கே வேறு விதமான மொழி தேவை. ஆஸ்திரேலியாவின் பாலின் கிப்பன்ஸ் பதிவு செய்த காந்த வகுப்பு இதற்கு நல்ல உதாரணம். அதைத் தமிழில் நடத்தினால் இப்படி இருக்கும். நான்கு பிள்ளைகள் காந்தத்தை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்: 'இது ஒட்டுது. அது ஒட்டல. இதப் பாரேன்.' பொருள்கள் கண்ணெதிரே இருப்பதால் 'இது', 'அது' போதும். அடுத்து, அந்தச் சோதனையைப் பார்க்காத மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். 'இது' என்றால் அவர்களுக்குப் புரியாது. 'ஊசி காந்தத்துல ஒட்டுச்சு, பென்சில் ஒட்டல' என்று பெயர் சொல்ல வேண்டியதாகிறது. இந்த இடத்தில் ஆசிரியர் 'ஈர்த்தது' என்ற சொல்லை எடுத்துக் கொடுக்கிறார். தேவைப்படும் நேரத்தில் வந்ததால் ஒட்டிக்கொள்கிறது. கடைசியாக எழுதும்போது 'காந்தம் இரும்பை ஈர்க்கும், மரத்தை ஈர்க்காது' என்று வருகிறது. ஒரே விஷயம்தான், மூன்று படி ஏறியிருக்கிறது. பல வகுப்புகளில் நடுப்படியை விட்டுவிடுகிறோம். சோதனை முடிந்த கையோடு 'இப்போ எழுதுங்க' என்றால் 'இது ஒட்டுது'தான் நோட்டில் வரும். வீட்டில் அந்த நடுப்படியை நீங்கள் கொடுக்கலாம், செலவே இல்லாமல்: சோதனையைப் பார்க்காத ஆள் நீங்கள்தானே.

எழுதுவதற்கு நிஜமான காரணம் கொடுப்பதைச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன், எல்லோருக்கும் தெரிந்ததுதான். கதவில் ஒட்டும் எச்சரிக்கை, வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியல், பாட்டிக்குச் செய்தி, அண்ணன்மேல் எழுத்துமூலப் புகார். கடைசிக்கு நீளம் தானாக வரும். ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் ஆங்கிலமுமாகச் சின்னப் புத்தகம் செய்து தைத்துக் கொடுத்தால், வகுப்பில் தனக்கு மட்டும் தெரிந்த மொழி ஒன்று இருப்பது பெருமையாகிவிடும். கனடாவில் டொரண்டோவை ஒட்டிய ஒரு தொடக்கப்பள்ளியில் பிள்ளைகள் இப்படி இருமொழிப் புத்தகங்களைத் தொகுதி தொகுதியாகவே செய்திருக்கிறார்கள். பள்ளி ஆங்கிலத்தோடு வீட்டு மொழியும் அட்டையில் ஏறியது.

போனில் மொழிபெயர்ப்புச் செயலி இருக்கிறதே என்பீர்கள். ஒரு சொல்லுக்கு, தாராளமாக. முழு வாக்கியத்துக்கு வேண்டாம். தமிழில் சொல்வதை எழுத்தாக மாற்றும் வசதியைக் குறிப்பெடுக்கப் பயன்படுத்தலாம். கட்டுரையையே எழுதித் தரும் செயலிகள் இந்த வயதில் கை கால் முளைக்கும் முன்பே சக்கர நாற்காலி கொடுப்பது மாதிரி.

எப்போது கவலைப்பட வேண்டும்? தமிழில் கதை ஓடுகிறது, ஆங்கில எழுத்தில் மட்டும் தடை என்றால் பெரும்பாலும் நேரமும் பழக்கமும்தான் மருந்து. தமிழிலும் நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியவில்லை, சொன்னது புரிவதில் சிரமம், நன்கு சொல்லிக்கொடுத்தும் ஓராண்டாக எழுத்துக்கும் ஒலிக்கும் தொடர்பு பிடிபடவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். முதலில் காதைச் சோதியுங்கள், அப்புறம் பேச்சு மொழி நிபுணரைப் பாருங்கள். இரண்டு மொழிகளையும் கணக்கில் எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மொழிக் குறைபாடு இருந்தால் இரண்டிலும் தெரியும். இரண்டு மொழி கேட்டதால் குறைபாடு வருவதில்லை, ஒன்றை நிறுத்தினால் அது போவதும் இல்லை.

இனி ஆசிரியை. சண்டைக்குப் போக வேண்டாம், முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் படும் பாடு எனக்குத் தெரியும். இரண்டே வேண்டுகோள் வையுங்கள்: எழுதும் முன் பக்கத்துப் பிள்ளையிடம் இரண்டு நிமிடம் சொல்லிப் பார்க்க அனுமதி, குறிப்பைத் தமிழிலோ படமாகவோ எடுக்க அனுமதி. போகும்போது இரண்டு தாள்களைக் கொண்டுபோங்கள். ஒன்று, அவள் வகுப்பில் எழுதிய இரண்டு வரி. மற்றொன்று, அதே நிகழ்ச்சியை அவள் தமிழில் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதியது, பக்கத்திலேயே அதன் ஆங்கில வடிவத்தோடு. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த பிறகும் 'வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள்' என்று சொன்ன ஆசிரியரை நான் இன்னும் சந்திக்கவில்லை.